சமதரையில் நிற்கத் தெரியாதவள்

எங்கே பிறந்தோம் என்பதை வாய் மறைத்துவிடலாம், கால் மறைக்குமா? சீதாவின் கால்கள் அன்று மறைக்கவில்லை.

கண்டியில் ஒரு நிதி நிறுவனத்தில் அவள் உதவி முகாமையாளர். அப்பாவுக்கு டவுனில் கடை இருந்தது என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அப்பாவும் அம்மாவும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பள்ளி விடுமுறைகளில் சீதாவும் தலையில் கூடை மாட்டிக் கொழுந்து எடுத்தவள்தான்.

அந்தச் சனிக்கிழமை பெரிய வாடிக்கையாளர்களுக்காக நிறுவனம் கோல்ப் விளையாட்டு ஏற்பாடு செய்திருந்தது. ஹேவாஹெட்டைப் பாதையில், கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றை வெட்டிச் சமப்படுத்திய மைதானம். முகாமையாளர் றவூப், "நீங்களும் வாங்க சீதா, ரெண்டு அடி அடிச்சுப் பழகுங்க. கஸ்டமரோட பழக இதைவிட நல்ல இடம் இல்ல" என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

ஆட வந்தவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் பெண்கள் சிலர், பச்சைச் சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். தனக்கென்று முன்னால் வந்தவளைப் பார்த்ததும் சீதா ஓரடி பின்வாங்கினாள். சித்தி மகள் இராஜேஸ்வரி.

சீதாவின் முகத்தை ஒரே பார்வையில் படித்துவிட்ட இராஜேஸ்வரி, "குட் மோர்னிங் மேடம்" என்று பையைத் தோளில் மாட்டினாள். கொஞ்சம் தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்கக்கா, காட்டிக் குடுக்க மாட்டேன். நான் வந்து மூணு மாசந்தான் ஆகுது. நல்ல பேர் எடுத்தா அடுத்த கிழமை நிரந்தரமாக்குறாங்களாம். போறப்ப ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டுப் போங்க, அது போதும்."

சீதாவின் முறை வந்தது. கோலை நீட்டும்போதே இராஜேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு காலையும் தோள் அகலத்துக்கு வைங்க. முழங்கால கொஞ்சம் தளர்த்துங்க. பாரம் பாதத்து நடுவுல இருக்கணும், விரல்ல நிக்காதீங்க."

சீதாவின் காதில் அது விழுந்தது, காலுக்குப் போகவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் உடம்பு தனக்குத் தெரிந்த வழியைத் தேடிக்கொண்டது. இடது கால் முன்னே போய் முழங்கால் மடங்கியது. வலது கால் விறைத்துத் தரையைப் பிடித்தது. கழுத்து முன்னுக்கு வளைந்தது. ஓங்கி வீசினாள். கோல் புல்லைப் பெயர்த்தது, பந்து அசையவில்லை, அவள்தான் தடுமாறி இரண்டடி ஓடினாள்.

வாடிக்கையாளர்களில் ஒருவரான வீரசிங்கம், ஓய்வுபெற்ற தோட்டத் துரை, யாழ்ப்பாணத்துக்காரர், வாய்விட்டுச் சிரித்தார்.

"உந்த நிலை எனக்கு நல்லாத் தெரியும் பிள்ளை. முப்பது வருசம் மலையில பாத்தனான். ஒரு கால் மேல, ஒரு கால் கீழ, முதுகில கூடை. கொழுந்து எடுக்கிற ஆக்கள் இப்பிடித்தான் நிப்பினம். எந்தத் தோட்டம்?"

அவர் குரலில் ஏளனம் இல்லை. ஆனாலும் சீதாவுக்குக் காது மடல் எரிந்தது.

"நான் டவுன்ல பொறந்தவ சார். இந்தப் பொண்ணுதான் இப்படி நிக்கச் சொன்னா."

இராஜேஸ்வரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார், நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

றவூப்புக்குக் கோபம் வந்தது. "தெரியாட்டி சொல்லிக் குடுக்கப் போகப்படாது, விளங்குதா?" என்றவர், மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு வேறு ஆள் அனுப்பச் சொன்னார். இராஜேஸ்வரி பையை இறக்கிவைத்துவிட்டு நடந்தாள். மேற்பார்வையாளர் தன் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டே பின்னால் போனார்.

அடுத்த குழிக்கான ஆட்டத்தில் சீதா மறுபடி பந்தின் முன் நின்றாள். இம்முறை கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்தன. முழங்கால் தளர்ந்தது. பாரம் பாதத்தின் நடுவில் இறங்கியது. வீசினாள். பந்து வானத்தில் ஏறி, குழியைச் சுற்றியிருந்த பசுந்தரையின் நடுவில் போய் விழுந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா, அந்தப் புள்ள போனதும் சரியா வந்திட்டுது" என்றார் றவூப்.

சீதா கோலைக் கீழே போட்டாள். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

"அவ சொன்னது இதுதான் சார். முதல்ல நான் கேக்கல. அவ என் சித்தி மகள். நானும் தெல்தோட்டைத் தோட்டத்துலதான் பொறந்தேன். கொழுந்து எடுத்திருக்கேன்."

வீரசிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சீதா திரும்பிப் பாராமல், பை தூக்கும் பெண்கள் காத்திருக்கும் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

மேற்பார்வையாளரிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஓரிடத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுதியதைக் குறுக்கே அடித்தார். நிரந்தரமாக்குவதில் பிரச்சினை வராது என்றார்.

கொட்டகை ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த இராஜேஸ்வரியின் அருகே போய் நின்றாள் சீதா. "மன்னிச்சுக்க ராஜி."

"பேரு தெரியாத ஒருத்தி பழியப் போட்டிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காதுக்கா." இராஜேஸ்வரி சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு வாட்டி இங்க வந்தீங்கன்னா, வேற புள்ளயக் கூட்டிட்டுப் போங்க."

அவள் எழுந்து அடுத்த ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். சீதா உட்காரவும் தோன்றாமல், போகவும் தோன்றாமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.