பார்மேர் சாலைக்கு இரண்டு பேர்

"உங்க புக்கிங் கேன்சல் ஆயிடுச்சு மேடம்."

ஜோத்பூர் வாடகைக் கார் கம்பெனியிலிருந்து பேசியவர் இந்தியில்தான் சொன்னார். தாய்வீட்டு உருதுவின் புண்ணியத்தில் ஷிரினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததுதான் வினை.

"நான் கேன்சல் பண்ணலியே!"

"காலையில் உங்கள் வீட்டுப் பெரியவர் பேசினாரே. ரவூப் சாஹிப். 'எங்கள் வீட்டில் பெண்கள் கார் ஓட்டுவதில்லை, ஏதோ தெரியாமல் பதிவு செய்துவிட்டாள்' என்றார். ரொம்ப மரியாதையான மனிதர்."

ஷிரின் போனை மேசைமேல் வைத்தாள். மேசை முழுக்க ராஜஸ்தான் விரிந்து கிடந்தது. கீழே பார்மேர், மேலே ஜெய்சல்மேர், நடுவில் சிவப்பு மையால் இழுத்த ஒரு கோடு. நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அவள் போட்ட திட்டத்தில் அது ஒரு முழுப் பகல். காலை ஏழுக்குப் புறப்பாடு. தேவிகோட்டில் டீ. ஆகல் ஊரில், ஒரு காலத்தில் காடாக நின்று இப்போது கல்லாகக் கிடக்கும் மரங்கள். காற்றாலைகளைத் தாண்டும்போது வெயில் சாய வேண்டும். அந்த ஒரு பகலுக்காக இரண்டு நாள் ரயில்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் கோகிலவாணி. ப்ளஸ் டூவில் ஒரே பெஞ்ச். இப்போது வெள்ளிமலையில் டீச்சர். அரையாண்டு லீவைச் சொல்லி, வீட்டில் சண்டை போட்டு, கூட வருகிறவள்.

"யாருடி?"

"எங்க பெரிய மச்சான். வண்டிய கேன்சல் பண்ட்டாரு."

கோகிலா பேனாவை மூடினாள். "இன்னா பண்ணப் போற?"

"கடைக்குப் போறேன். வர்றியா?"

ரவூப், ஷிரினின் கணவன் அன்சருக்கு அண்ணன். அன்சர் இறந்து இரண்டு வருஷமாகிறது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ரவூப்பின் பாத்திரக்கடையைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. குடும்பத்தில் யார் எங்கே போக வேண்டும், யார் யாரைக் கட்ட வேண்டும், எல்லாம் அந்தக் கல்லாவில்தான் முடிவாகும்.

ஷிரின் காரை எடுத்தாள். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை வரை போய்ப் பழகிய கை. எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கவே இல்லை. பஸ்தான் ஒதுங்கியது.

"ஏய், ஒரு வழி சொல்லட்டா?" என்றாள் கோகிலா. "'அன்சர் ஆசைப்பட்டாரு, அத நெறவேத்தத்தான் போறேன்'னு சொல்லிடு. ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க. அழுதுகினே வழியனுப்பி வெப்பாங்க."

"அவரு அப்டி ஆசைப்படவே இல்லியே. அவருக்குக் கார்ல ஏறுனா வாந்தி வரும்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."



கடையில் எலவனாசூர்கோட்டை ஜெயம்மாள், மகள் சீருக்குப் பித்தளை அண்டா தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவூப் எழுந்து நின்றே வரவேற்றார். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பு.

"வாம்மா. டீச்சரம்மா, நீங்களும் வாங்க. நானே வூட்டுக்கு வரலாம்னு இருந்தேன். நல்ல சேதி!"

"வண்டிய ஏன் கேன்சல் பண்ணீங்க மச்சான்?"

"அதான் நல்ல சேதி. நீ எதுக்கும்மா தனியா கஷ்டப்படற? ராஜஸ்தான்தான பாக்கணும்? பதினேழு சீட் வேன் சொல்லிட்டேன். அஜ்மீர் தர்காவுக்கு ஜியாரத். குடும்பத்தோட! சமையலுக்குக் கண்ணாயிரம் வர்றான். அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் வேன் மேல. உனக்கு ஜன்னலோர சீட்டு."

ஷிரினுக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. 'போகாதே' என்றால் எதிர்த்துக்கொண்டு போய்விடலாம். 'வா, எல்லாரும் போகலாம்' என்பதை எப்படி எதிர்ப்பது? அந்த வேனில் ஏறினால் புளிச்சோறு கட்டலாம், நாலு பிள்ளைகளுக்கு மூக்கு துடைக்கலாம். சிவப்புக் கோடு வராது.

"வேன் பார்மேர் போவுமா?"

"அங்க இன்னா கீது? மணலு. மணலு பாக்கணும்னா திருக்கோவிலூர் ஆத்துக்குப் போ, பஸ்ஸு இருக்கு."

"கல்லான மரம் இருக்கு மச்சான்."

"திருவக்கரையில இல்லாததா? காலையில போய்ட்டு மதியம் சோத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். ஜெயம்மாள் அண்டாவைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"வேன்ல நீங்க போய்ட்டு வாங்க மச்சான். எனக்கும் துவா செய்ங்க. நான் கார்லதான் போறேன். நான்தான் ஓட்டப் போறேன்."

சிரிப்பு போனது. ரவூப் குரலை இறக்கினார். "ஷிரின், மார்க்கம்னு ஒண்ணு கீது. பொம்பள தூரப் பயணம் போனா மஹ்ரம் கூட இருக்கணும். அப்பன், புள்ள, கூடப்பொறந்தவன், இப்டி ஒரு சொந்த ஆம்பள. உன் தம்பி குவைத்துல இருக்கான். உனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. வேற யாரு? நான்தான். நீ கார்லதான் போவேன்னா சரி, நானும் முன் சீட்டுல உக்காந்து வர்றேன். மஹ்ரமா."

"நீங்களா?"

"நான்தான். வேற யாரு?"

ஷிரின் ஒரு மூச்சு விட்டாள்.

"மச்சான், அவரு மவுத்தானப்புறம் நான் வூட்டோட இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும் நீங்க தெனம் வூட்டுக்கு வந்தீங்க. ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"அது எப்டிம்மா பாப்பேன்? தெரைக்கு அந்தாண்ட நின்னுதான பேசினேன்."

"ஏன்?"

ரவூப் கல்லாமேல் கிடந்த பில் புத்தகத்தை நகர்த்தி வைத்தார்.

"நீங்க எனக்கு மஹ்ரம் இல்ல, அதனாலதான்" என்றாள் ஷிரின். "அன்னிக்குத் தெரைக்கு அந்தாண்ட நின்னீங்க. இன்னிக்கு முன் சீட்டுல எப்டி உக்காருவீங்க?"



ஊரில் பத்துப் பேருக்கு மார்க்கம் சொல்கிற மனிதர். கட்டிக்கொள்ளக் கூடாத உறவுதான் மஹ்ரம், கணவனின் அண்ணன் அதில் சேரமாட்டான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. முப்பது வருஷமாகப் பெரியவராக இருந்த பழக்கத்தில் அது மறந்துபோயிருந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப மஹ்ரம் இல்லாமயே போவியா?" என்றார் கடைசியில்.

"போவேன். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். அல்லாகிட்ட சொல்லிக்கிறேன்."

ரவூப் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம். தம்பி மனைவியை மூன்றாம் மனிதர் முன்னால் அடக்கிப் பேச அவருக்கு வராது. தோற்கவும் வராது.

"சரி. ஒண்ணு பண்ணும்மா. ஜமாத்துல கேப்பாங்க, நான் பதில் சொல்லணும். 'என் தம்பி ஆசைப்பட்டான், அதுக்காகப் போறா'ன்னு சொல்லிக்கிறேன். நீயும் அதையே சொல்லு. யாரும் எதுவும் பேசமாட்டாங்க. நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போறேன்."

கோகிலா ஷிரினின் முழங்கையைக் கிள்ளினாள். 'ஒத்துக்கோடி' என்ற கிள்ளல். தலையை ஆட்டினால் போதும். கார், சாலை, வெயில் சாயும் நேரம் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

"வேணாம் மச்சான்."

"ஏம்மா?"

"அவரு ஆசைப்பட்டாருன்னா போவலாம், நான் ஆசைப்பட்டா போவக் கூடாதா? கேக்கறவங்ககிட்ட, 'ஷிரினுக்கு ஆசை, போயிருக்கா'ன்னு சொல்லுங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா என்கிட்ட அனுப்புங்க. நானே சொல்றேன்."

"அப்டிப் போடு!" என்றாள் ஜெயம்மாள், அண்டாவின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி.

அங்கேயே, கல்லா முன்னாலேயே, ஷிரின் ஜோத்பூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"மேடம், சீசன் நேரம். உங்கள் சின்ன வண்டி வேறொருவருக்குப் போய்விட்டது. பெரிய ஜீப் ஒன்றுதான் மிச்சம். கியர் வண்டி. ஓட்டுவீர்களா?"

உருது தெரிந்த ரவூப்புக்கு உயிர் வந்தது. "ஜீப்பா? கேட்டியா! வாசல்ல நம்ம லோடு ஜீப்பு நிக்குது. இந்தக் கடைவீதியில ஒரு தடவ திருப்பிக் காட்டு, பாக்கலாம். காட்டிட்டுப் போ."

சாவி கல்லாமேல் விழுந்தது. எல்லாரும் ஷிரினைப் பார்த்தார்கள்.

அவள் சாவியைத் தொடவில்லை.

"லைசென்ஸ் ஆபீசுல ஓட்டிக் காட்டிட்டேன் மச்சான். இங்க பரிச்சைக்கு வரல."

போன் பக்கம் திரும்பினாள். "கொடுங்க. இருபத்தாறாம் தேதி."

"சரி மேடம். ஓட்டுநர் பெயர்?"

"ஷிரின்."

"வீட்டுப் பெரியவர் மறுபடி அழைத்தால்?"

ஷிரின் ரவூப்பின் கண்ணைப் பார்த்துக்கொண்டே உருதுவில் சொன்னாள். "சலாம் சொல்லிட்டு வெச்சிடுங்க."

வாசலில் இறங்கும்போது ஜெயம்மாள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "ஏம்மா, மெய்யாலும் அந்த மணல்ல இன்னாதான் கீது?"

"தெரியாதுங்க" என்றாள் ஷிரின். "எனக்குப் பாக்கணும்."