மாலை வகுப்புக்காக நின்றவன்

அன்று ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இருந்தவர்கள்: கல்லூரித் தலைவரான என் அக்கா. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பதிவாளர். அரசாங்கத்தின் சார்பில் வந்து, கைப்பேசியிலிருந்து தலை நிமிராத அதிகாரி. பாதித் தூக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. துறைத் தலைவர்கள் ஒரு வரிசை. பார்வையாளர் நாற்காலிகளில் நான் மட்டும்.

மற்ற நாற்காலிகள் காலி. அவை காலியாக இருந்ததற்குக் காரணம் நான்தான்.

எங்கள் மாலை வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. பேருந்து ஓட்டுகிறவர் இருந்தார். சத்தமாகப் பேசுவதால் அவர் பெயரே ஹாரன். முடிவெட்டுகிறவர் இருந்தார். மருத்துவமனை நர்ஸ் ஒருவர்தான் வகுப்புத் தலைவி. வகுப்பு முடிந்ததும் நான் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலைக்குப் போவேன். படிப்பைப் பாதியில் விட்டுத் திரிந்த என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டது அக்காதான். பட்டம் வாங்கினால் கிடங்கை விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பை மூட வேண்டுமென்றால் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானத்தை வாசித்த பிறகு, "ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று தலைவர் சொல்வார். அந்த வகுப்பில் பாதிப் பேர் நேரில் வந்து எழுந்து நின்றால் தீர்மானம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். மனு செல்லாது. ஆள்தான் வேண்டும்.

எங்கள் வகுப்பை மூடும் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும், அக்கா முந்தின வாரம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "கும்பலா வந்து நின்னா மிரட்டுறாங்கன்னு குழுவுல எல்லாரும் முறுக்கிக்குவாங்கடா. யாரும் வர வேணாம்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

நான் வகுப்பில் போய்ச் சொன்னேன்.

"நான் லீவு போட்டுட்டேனேப்பா," என்றார் ஹாரன்.

"கேன்சல் பண்ணிடுங்கண்ணே. அக்கா பாத்துக்கும்."

"உங்க அக்கா வாய்ச்சொல் போதுமா?" என்று நர்ஸ் கேட்டார்.

"அட, தலைவர் தம்பியே சொல்றாரு. அப்புறம் என்ன? கத்தி நம்ம பக்கம்," என்றார் முடிவெட்டுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கூட்டத்தில் தீர்மானத்தைப் பதிவாளர் வாசித்தார். எங்கள் கட்டடத்தில் ஆராய்ச்சி மையம் வருகிறது. மாலை வகுப்பு இன்று முடியும் பருவத்தோடு நிற்கிறது. அறையை நாளைக் காலையே காலி செய்வார்கள். அக்கா நிமிர்ந்தாள். "ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்."

நான் நின்றேன். இப்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

"ஒருவர்," என்றாள். "குறிச்சுக்குங்க."

நீதிபதி விழித்துக்கொண்டு தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். மற்ற கைகளும் எழுந்தன. அக்காவின் கை கடைசியாக எழுந்தது.

வராந்தாவில் அவளை மறித்தேன். "எல்லாரும் வந்திருந்தா தள்ளிப்போயிருக்கும்ல?"

"போயிருக்கும்."

"அது தெரிஞ்சுதான் வர வேணாம்னு சொன்னியா?"

கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "தள்ளிப்போனா மையத்தை வேற கல்லூரிக்குக் கொடுத்துடுவாங்கடா. நான் ஒரு வகுப்புக்குத் தலைவர் இல்ல. முழுக் கல்லூரிக்கும்."

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ அவங்களைத் தடுத்திருப்பியா?"

பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உண்மையை உரித்த வெங்காயம் மாதிரி அப்படியே முன்னால் வைத்தாள்.

"உனக்குப் பகல் வகுப்புல இடம் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள்.

"பகல்ல நான் தூங்கணும்க்கா."

அன்று சாயங்காலம் வகுப்பில் எல்லோரும் காத்திருந்தார்கள். நர்ஸ் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தார், நல்ல செய்தி வரும் என்று. நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். டீயை யாரும் தொடவில்லை.

ஹாரன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"தலைவர் தம்பிக்குப் பகல்ல இடம் ஏதும் கிடைச்சுதா?" என்றார் முடிவெட்டுகிறவர், குத்தலாக.

"கிடைச்சுது," என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். "காலைல மேசை நாற்காலி எடுக்க ஆள் வரும். நாம வெளியவே போகலைன்னா எப்படி எடுப்பாங்க?" மேசைகள் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தன. நானும் ஒரு மேசையின் முனையைப் பிடித்தேன்.

ஹாரன் என் கையை அதிலிருந்து எடுத்துவிட்டார். "நீ வேணாம்பா. இங்க பேசுறது உங்க வீட்டு அடுப்படிக்குப் போகும்."

"போகாதுண்ணே. என்னை நம்புங்க."

"போன வாரமும் இதே இடத்துல நின்னுதான் சொன்ன."

யாராவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று பார்த்தேன். எல்லோருக்கும் மேசை தூக்குகிற வேலை இருந்தது. பையை எடுத்துக்கொண்டேன். நர்ஸ் வாசல்வரை வந்தார். வகுப்புச் சாவி அவர் கையில் இருந்தது.

"டியூட்டிக்கு நேரமாச்சுல்ல, கிளம்புங்க," என்றார்.

நான் வராந்தாவில் கால் வைத்ததும் கதவைச் சாத்தினார். பிறகு உள்ளே சாவி திரும்பியது.