தாமரை வைத்த விற்பனைப் பக்கம்

1.

ஜெயரூபி அக்காவை நான் கொன்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள். ஆயுதம் கணினி. நோக்கம் நல்லது. அவருடைய கறித்தூள் இணையத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்க வேண்டும், அவ்வளவுதான்.

(இந்தத் தொடக்கத்தைப் பலமுறை மாற்றிவிட்டேன். முதல் வரைவு, “திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்தபடி” என்று தொடங்கியது. அதற்குமேல் ஓடவில்லை. துறைமுகத்துக்கும் கறித்தூளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எதை எழுதினாலும் அதை ஒருமுறை கடலில் நனைத்தெடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.)

இன்னொரு சிக்கல். ‘நான்’ என்று எழுதினால் வாசகர் என்மேல் இரக்கப்படக்கூடும். இரக்கம் எனக்கு நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் அதைக் கிட்ட விடக்கூடாது. எனவே கொலைகாரனுக்குத் துவாரகன் என்று பெயர் வைக்கிறேன். நல்ல உயரம், சுருட்டை முடி. (எனக்கு இரண்டும் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த இலாபமாவது வேண்டாமா?)

2.

துவாரகன் உட்துறைமுக வீதியில் நஸ்ரி நானாவின் அச்சுக்கடையில் வடிவமைப்பாளன். கலியாணக் கார்ட், கடைப்பலகை, பிறந்தநாள் பனர் எல்லாம் செய்வான். ஆனால் கடையை உண்மையில் நடத்துகிறவர்கள் இறந்தவர்கள்தான். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, முப்பத்தோராம் நாள் நினைவு மலர், வெளிநாட்டுப் பிள்ளைகள் முகநூலில் போடுகிற மரண அறிவித்தல். வெளிர்நீல மேகம், நடுவில் முட்டை வடிவச் சட்டகம், அடியில் தாமரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, இடது மூலையில் பிறந்த திகதி, வலது மூலையில் மற்றத் திகதி. இதில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. வயதானவர்கள் அவனை வீதியில் கண்டால் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஜெயரூபி அன்புவழிபுரத்தில், வீட்டிலேயே மிளகாயும் மல்லியும் சீரகமும் வறுத்து இடித்துத் தூள் விற்றவர். அதற்குமுன் வருடக்கணக்காகக் குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் சமையலுக்கு நின்றவர். மகள் லோஜினியைத் தொலைபேசித் திரையிலேயே வளர்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்தவர். (லோஜினியின் தகப்பன் எங்கே என்று கேட்காதீர்கள். அவரைத் திறந்தால் இது வேறு கதையாகிவிடும்.) தூள் ஓடினால் இங்கே, மகளோடு. ஓடாவிட்டால் மறுபடி குவைத். வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் அடிக்கடி போன் எடுத்துச் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

அவருடைய முகநூல் பக்கத்தைப் பார்க்கச் சகிக்காது. பழைய பத்திரிகைத் தாளில் ஒரு தூள் குவியல். படத்தின் ஓரத்தில் எப்போதும் அவருடைய பெருவிரல், மிளகாய் ஏறிச் சிவந்துபோய். கீழே ஒரு குறிப்பு: ‘இண்டைக்கு வறுத்தது. கொஞ்சம் உறைப்புக் கூடிப்போச்சு. வேணுமெண்டால் சொல்லுங்கோ.’

ஆனாலும் விற்றது. லிங்கநகரில் ஒரு கலியாண வீட்டார் முழுச் சமையலுக்கும் தூள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பந்தியில் கறி ருசித்தால் மற்றக் கலியாணங்களும் வரும் என்று ஜெயரூபி நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் ஏஜென்சிக்காரனின் போனை எடுக்காமல் விட்டார்.

இந்த நேரம் பார்த்துத் துவாரகனுக்கு நல்ல மனம் வந்தது.

“அக்கா, இந்தப் பக்கத்தை வச்சுக்கொண்டு வெளியூருக்கு விக்க ஏலாது. நான் சும்மா செய்து தாறன்.”

“வேண்டாம் தம்பி. இப்பிடியே ஓடுதுதானே.”

“விரல் தெரியுதக்கா.”

“என்ர விரல்தானே.”

(கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும்.)

3.

தன்னிடம் இருந்ததிலேயே அழகான வடிவமைப்பை அவன் திறந்தான். அது எது என்று வாசகருக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு விளங்கவில்லை. நாள்முழுக்க மேகத்தையும் தாமரையையும் பார்க்கிற கண்ணுக்கு அவை வெறும் அழகுதான்.

விற்பனைப் பக்கத்தில் முகம் இருந்தால் நம்பிக்கை வரும் என்று எங்கோ படித்திருந்தான். ஜெயரூபியிடம் இருந்த ஒரே நல்ல படம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது, சிரிக்காதது. கடைக் கணினியில் அதன் பிரதி கிடந்தது; அதைச் சட்டகத்துக்குள் வைத்தான். குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் தூள் போத்தல்கள். தள்ளுபடி தொடங்கும் திகதி இடது மூலையில், முடியும் திகதி வலது மூலையில். பெருவிரலை வெட்டினான். ஏற்கெனவே அவனிடம் இருந்த கடவுச்சொல்லால் அவருடைய பக்கத்தில் பதிவேற்றினான். தேத்தண்ணியைக் குடித்தான். இன்னும் சூடாக இருந்தது.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து ஜெயரூபியின் தங்கை சுலோஜனா, வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க, அக்காவின் போனுக்கே அழுதழுது எடுத்தாள்.

“ஓம், சொல்லு சுலோ.”

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

“அக்கா... நீயோ கதைக்கிறாய்?”

“வேற ஆர் என்ர போனில கதைக்கிறது?”

பதிவின் கீழே இரங்கல்கள் வந்து குவிந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள். நல்ல மனுசி. இந்த வயசிலயோ. ஒவ்வொன்றுக்கும் கீழே ஜெயரூபி தானே இருந்து பதில் எழுதினார்: ‘நான் இருக்கிறன். தூளும் இருக்கு.’

அந்தப் பதிவு அவருடைய பழைய பதிவுகள் எல்லாவற்றையும்விட அதிகம் பகிரப்பட்டது. வடிவமைப்பு வேலை செய்யும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. என்ன வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

4.

இங்கே ஒரு சிறு கட்டுரை. (வேண்டாதவர்கள் தாண்டிப்போகலாம். மற்றவர் கதையில் நானும் தாண்டுகிறவன்தான்.)

விற்பனைப் பக்கத்துக்கு அலங்காரம் உதவுமா? உதவும். எங்கே தொடுவது என்று காட்டுகிற பொத்தான் உதவும். விலையைத் தேடவைக்காத எழுத்து உதவும். சிவப்பு நட்சத்திரத்துக்குள் ‘சலுகை’ என்று கத்துவதுகூடச் சில சாமான்களுக்கு உதவும். பிளாஸ்டிக் வாளி விற்கிறவர் கத்தினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் எந்த அலங்காரமும் புதிதாகப் பிறந்து வருவதில்லை, வேறெங்கோ வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறது. எங்கள் ஊர்ச் சுவர்களில் அந்தத் தாமரை பல வருடமாகப் பார்த்தது ஒரே வேலை. அதைத் திடீரென்று தூள் விற்க அனுப்பினால், போன இடத்திலும் பழைய வேலையைத்தான் பார்க்கும். பெருவிரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது எந்தப் படத்துக்குள் நின்றாலும் அதற்குப் பின்னால் ஒரு

(இந்த வசனத்தை முடித்தால் அழகாக வரும். அழகாக வருகிறது என்பதாலேயே விட்டுவிட்டேன்.)

5.

அன்றே அந்தப் படத்தை நீக்கிவிட்டுத் திருத்தம் போட்டான். அதை ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கியதால் இன்னும் சிலர் அழுதார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கலியாண வீட்டிலிருந்து, தூள் வேண்டாம் என்று செய்தி வந்தது. துவாரகன் லிங்கநகருக்கு ஓடினான். பெண்ணின் தகப்பன் சிவகுருநாதன் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்.

“அவ உயிரோட இருக்கிறா ஐயா. பிழை விட்டது நான்.”

“தெரியும் தம்பி. நேற்றுச் சந்தையில கண்டு கதைச்சனான். நல்ல சுகமா இருக்கிறா.”

“அப்ப தூளை எடுக்கலாம்தானே?”

“பாருங்கோ, செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்ல. சாவுத் துடக்குக் கழியுமட்டும் அங்க ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டம். சனம் அந்த வீட்டை ஒருக்காச் செத்தவீடு எண்டு நினைச்சுப்போட்டுது. பெத்த பிள்ளையின்ர கலியாணக் கறிக்கு அந்தத் தூளைப் போட என்ர மனுசி விடுவாளோ?”

“ஒருத்தரும் சாகேல்லையே ஐயா.”

“அதுதானே கரைச்சல். செத்திருந்தா முப்பத்தொண்டோட கழிஞ்சிருக்கும். சாகாத ஆளின்ர துடக்கு எப்ப கழியுமெண்டு எந்த ஐயரிட்டப் போய்க் கேக்கிறது?”

சோடாவைக் குடிக்காமல் வருவது மரியாதை இல்லை என்பதால் குடித்துவிட்டு வந்தான்.

கலியாண வீடு விட்டதை மற்ற வீடுகளும் விட்டன. யாரும் சண்டை போடவில்லை. ‘இந்த மாசம் தூள் கிடக்கு, பிறகு சொல்லுறம்’ என்றார்கள்.

6.

பிழை என்னில்தானா என்று துவாரகன் எல்லாரிடமும் கேட்டுத் திரிந்தான்.

நஸ்ரி நானா: “டிசைன் வடிவாத்தானே இரிக்கு. சனத்துக்குத்தான் வெளங்கல்ல.”

சுலோஜனா: “அக்காவுக்கு இருந்த கண்ணூறு கழிஞ்சுதெண்டு நினையுங்கோ.”

ஜெயரூபி: “விடுங்கோ தம்பி. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

இந்த இடத்தில்தான் ஜெயரூபி என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. இப்படி ஏசாத ஒரு மனுசி உண்டா? வாசகர் நம்புவாரா? இரண்டாம் வரைவில் அவரை ஏசவைத்தேன். தாமரையில் தொடங்கி என் பரம்பரை வரைக்கும் போனார். (துவாரகனின் பரம்பரை என்று வாசிக்கவும்.) எழுதி முடித்தபோது உடம்பு லேசாகி, இரவுச் சாப்பாட்டில் ரொட்டி கூடுதலாக இறங்கியது. அதனால்தான் அழித்தேன். அந்த ஏச்சை அவருக்காக நான் எழுதவில்லை.

7.

முடிவுகள். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ) பழைய பக்கம் பெருவிரலோடு திரும்பி வருகிறது. கலியாண வீட்டில் யாரோ தெரியாமல் அந்தத் தூளைப் போட்டுவிட, பந்தியில் எல்லாரும் கறி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். (பழைய பக்கம் உண்மையிலேயே திரும்பி வந்தது. அதன் கீழேயும் ஒருவர் ‘ஓம் சாந்தி’ போட்டார்.)

ஆ) ‘செத்துப் பிழைச்ச அக்காவின் தூள்’ என்று ஊரூராகப் புகழ் பரவுகிறது. (இதைத் துவாரகன் ஜெயரூபியிடமே விளம்பர யோசனையாகச் சொன்னான். அவர் வறுத்துக்கொண்டிருந்த தாச்சியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார்.)

இ) குற்றவுணர்வு தாங்காமல் துவாரகன் வேலையை விட்டுவிட்டு

இல்லை. விடவில்லை. அடுத்த நாளே இன்னொரு அஞ்சலி செய்தான். தாமரை நன்றாக வந்திருந்தது.

நடந்தது இதுதான்: ஏஜென்சிக்காரனின் போனை ஜெயரூபி எடுத்தார்.

8.

பஸ் நிலையம், காலை வெயில். கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. லோஜினி பள்ளிக்கூட உடுப்போடு வந்திருந்தாள். தாயை ஏற்றிவிட்டு நேரே வகுப்புக்கு, பின்னேரம் மாமி வீட்டுக்கு. ஜெயரூபியின் பைக்குள் ஒரு தூள் போத்தல் தெரிந்தது. “குவைத் வீட்டுக்காரிக்கு,” என்றார். “அவ எங்கட முகநூல் பாக்கிறேல்லத்தானே.”

துவாரகன் தலையைச் சொறிந்தான். இல்லை, அந்தச் சுருட்டை முடி இனி வேண்டாம். நான்தான் போயிருந்தேன். இப்படி ஒரு கதை எழுதுகிறேன் என்று சொன்னேன்.

“என்ர பேர் வருதோ?”

“மாத்திறன் அக்கா.”

“உங்கட பேர்?”

“அதையும் மாத்திப்போட்டன்.”

கொஞ்சம் சிரித்தார். கடவுச்சீட்டுப் படத்தில் இல்லாத சிரிப்பு.

“முடிவைத்தான் எழுத ஏலாமல் கிடக்கு,” என்றேன். “ஆரில பிழையெண்டதை வாசிக்கிற ஆக்களே முடிவெடுக்கட்டும் எண்டு விடப்போறன்.”

கண்டக்டர் பையை வாங்கி மேலே போட்டான். ஜெயரூபி மகளின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அவருடைய பெருவிரல் வெளுத்துப்போயிருந்தது.

“வாசிக்கிறவை ஏன்? அவைக்கு என்ன தெரியும்?” என்றார், பட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிழை உங்களில. நான் வேண்டாமெண்டு சொன்னனான், நீங்கள் கேக்கேல்ல. நான் ஏசேல்ல எண்டதுக்காக, உங்களில பிழையில்லை எண்டு எழுதிப்போடாதேங்கோ தம்பி.”