தட்டு கழுவிய தண்ணீர்

ஸுப்ரியாவின் தட்டில் இரண்டு வாய் கிச்சடி மிச்சமிருந்தது. வேண்டுமென்றுதான் வைத்திருந்தாள். அவள் வீட்டில் தட்டு காலியானால் போதும், அம்மா காமாக்ஷியின் கரண்டி கேட்காமலே வந்து விழும். போதும் என்று வாயால் சொன்னால் எடுபடாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் தப்பிக்கலாம். இருபத்தாறு வருஷப் பழக்கம். கரண்டியே இல்லாத இடப்பள்ளி மாலிலும் பாதி நூடுல்ஸைக் குப்பைத் தொட்டியில் சாய்த்துவிட்டுப் போவாள். ஒன்றும் மிச்சம் வைக்காத ரோஹனைக் கஞ்சன் என்று கேலி செய்ததும் உண்டு.

இது மட்டாஞ்சேரியில், அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் அந்த ரோஹனின் வீடு. தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் குஜராத்தி ஜைனர்கள். வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மாவை இந்த மதியச் சாப்பாட்டுக்கு இழுத்து வந்திருந்தாள். பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அம்மாவின் பேச்சு.

இங்கே கரண்டியோடு யாரும் வரவில்லை. வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்தவர்கள், பெண் மெல்லச் சாப்பிடுகிறவள் போலிருக்கிறது என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

“சாவகாசம் மதி, மோளே” என்றாள் ரோஹனின் அம்மா, மெதுவாகவே சாப்பிடு மகளே என்று மலையாளத்தில். ஸுப்ரியாவுக்குக் காது சுட்டது.

எதிரே ரோஹனின் அண்ணன் மகள் ஹீர், ஏழு வயது வாண்டு, தன் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். விரலால் சுற்றிச் சுற்றிக் கழுவினாள். ஒட்டியிருந்த பருப்பு, நெய், ஒற்றைக் கடுகு எல்லாம் தண்ணீரில் இறங்கின. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி அப்படியே குடித்துவிட்டாள். கீழே வைத்தபோது தட்டு கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போல இருந்தது. பிறகு ரோஹன் குடித்தான், அவன் அம்மாவும் குடித்தாள்.

“ஆரா இது படிப்பிச்சது?” என்று ஸுப்ரியா குழந்தையிடம் கேட்டாள், யார் சொல்லிக் கொடுத்தது என்று.

“ஆரும் இல்லா.” ஹீர் விழித்தாள். “பின்னே அது எவிடெ களயும், ஆன்ட்டி?”

எங்கே கொட்டுவது? சாப்பாட்டைக் கொட்டுவதற்கென்று ஓர் இடம் உண்டு என்பதே இந்தக் குழந்தைக்குத் தெரியாது. அம்மாடி, இப்படியும் ஒருத்தி வளர முடியுமா!

“என்னடி இது, எச்சில் ஜலத்தைன்னா குடிக்கறா!” அம்மா காதோரம் கிசுகிசுத்தாள்.

பிறர் வாய் வைத்த டம்ளரை மூன்று தரம் தேய்க்கிறவள் காமாக்ஷி. கல்யாணம் இதோடு போயிற்று என்று ஸுப்ரியா நினைத்தாள். ஆனாலும் இரண்டு வாயையும் சாப்பிட்டாள். சொம்பை எடுத்துத் தட்டில் ஊற்றி, கழுவி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். லேசான புளிப்பு, நெய் வாசனை. அவ்வளவுதான். அம்மா பக்கம் திரும்ப மட்டும் தைரியம் வரவில்லை.

“அந்தச் சொம்பை இப்படித் தள்ளு” என்றாள் காமாக்ஷி.

ஸுப்ரியா தள்ளினாள். அம்மாவின் தட்டில் தண்ணீர் விழுந்து மஞ்சளாகக் கலங்கியது. காமாக்ஷி ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, தட்டின் ஓரத்தை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். ஹீர் நாற்காலியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.