இருவருக்கு ஒரு பேனை

அன்று எட்டாம் வகுப்பறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மீராசாஹிப் ஆகிய நான், என் பேத்தி ஸம்ஹா, அவளோடு ஒரே வாங்கில் இருக்கும் ரிஃப்கா, ரிஃப்காவின் வாப்பா ஜபார், கணித ஆசிரியை பஸீஹா. அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார்.

பரீட்சையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு கணக்கை ஒரே மாதிரிப் பிழையாகச் செய்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்து தாள் திருத்தியவர் இரண்டிலும் ‘பார்த்தெழுதியது’ என்று சிவப்பில் எழுதிவிட்டார். பாலாவிச் சந்தியில் இது வேறு விதமாகப் பேசப்பட்டது. மூன்று தலைமுறையாக உப்பளம் வைத்திருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளை, தொண்ணூறில் மன்னாரிலிருந்து அகதியாக வந்த ஜபார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எழுதியதாம்.

அந்தச் சொல் அழிய வேண்டும், இல்லாவிட்டால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். தன் மகளின் தாளிலும் அதே சொல்தான் இருக்கிறது என்றார் ஜபார்.

பஸீஹா குரலை உயர்த்தவில்லை. தன் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு பேனைதான் என்றாள். ஒருவர் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், விளங்காவிட்டால் ஏன் என்று கேட்கலாம். அடுத்த கணக்குக்குப் பேனை கைமாறும். எந்தக் கணக்கு பிழைத்தது என்பது பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. அதே மாதிரி வேறொன்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்ப்போம் என்றாள்.

“பார்த்தெழுதின பிள்ளைக்கு விடை தெரியும், ஹாஜியார். ஏனெண்டு தெரியாது.”

எழுதும் வேலையைப் பெரியவர்கள் எங்களுக்குத் தந்து, பிள்ளைகளை மாற்றிவிட்டாள். ஸம்ஹாவும் ஜபாரும் அடுத்த அறைக்குப் போனார்கள். ரிஃப்காவுக்கு நான்.

பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தேன். கணக்கு இதுதான்: உப்பளத்தில் இன்று வாரிய உப்பு எண்ணூறு கிலோ குவியலாகக் கிடக்கிறது. அடுத்த வாரம் அதைக் கட்ட நாற்பது கிலோப் பைகள் எத்தனை வேண்டும்?

இருபது என்று என் மனம் சொல்லிவிட்டது. பேனையும் அசைந்தது.

“நான் இன்னும் சொல்லல்ல,” என்றாள் ரிஃப்கா. “எழுதுறவங்க முந்தப்படாது.”

பஸீஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று வாரிய உப்பு ஈரம், தண்ணீர் வடியும், பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்றாள் ரிஃப்கா. எழுநூற்றிருபது. பதினெட்டுப் பை. எழுதினேன். பரீட்சையில் இருவரும் செய்திருந்த பிழையும் இதே கழிவுதான். ஜபார் உப்பளத்தில் வேலை செய்பவர், அவர் மகளுக்கு இது தெரியும். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் உப்பளத்துக்குப் போவதில்லை. அது நான் வைத்த ஒழுங்கு. ஸம்ஹா ஈர உப்பைக் கண்ணால் கண்டவளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே அவள் இருபது என்றால், பரீட்சையில் எழுதியது அவளுடையதல்ல. பதினெட்டு என்று சொல்லி, ஏன் என்ற கேள்விக்கு வாயடைத்து நின்றாலும் அப்படித்தான்.

கதவு திறந்தது. ஜபார் தாளை என் முன்னால் வைத்தார். பதினெட்டு.

“ஏனெண்டு கேட்டியளா?” என்றேன்.

“ரெண்டு தரம் கேட்டன், ஹாஜியார். நீங்க நம்பமாட்டீங்களெண்டு தெரியும்.”

ஸம்ஹா பின்னால் வந்து நின்றாள். நிமிர்ந்துதான் நின்றாள்.

“உப்பில தண்ணி வடியுமெண்டு ரிஃப்கா சொன்னா, நான் நம்பல்ல, மூத்தவாப்பா. ரெண்டு நாள் சண்டை. பிறகு அவ ஈர உப்பு கொண்டுவந்தா. துணியில கட்டி அந்த ஜன்னல்ல தொங்கவிட்டம். முந்தியும் பிந்தியும் நிறுத்தது நான். பத்தில ஒண்டு எண்டு கண்டுபிடிச்சதும் நான்.”

“தராசு எங்கட வீட்டுத் தராசு,” என்றாள் ரிஃப்கா.

“அதைத் துடைக்காம கொண்டுவந்ததும் நீதான்.”

பஸீஹா இரண்டு தாள்களிலும் அந்தச் சொல்லை வெட்டிக் கையெழுத்து வைத்தாள். என் உப்பளத்துக் கதையை என் பேத்தி இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் கேட்டறிந்திருக்கிறாள். அதை மறைத்தால் அவள் பார்த்தெழுதியவளாகிவிடுவாள். ஆகையால் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நானே சொன்னேன், ரிஃப்காவின் பெயரையும் சேர்த்து.

இப்போது வேறொரு கதை நடக்கிறது. மீராசாஹிப் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் பேத்திக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்தாராம். அது பொய். பரீட்சையில் கேட்டது நானூறு கிலோ உப்புக்கு; திருத்தியவரின் விடை பத்துப் பை, இருவரும் எழுதியது ஒன்பது. அந்தக் கணக்குக்கு இருவருக்கும் புள்ளி இல்லை.