சங்கத்துக்கு ஒரு மீன்

பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தபோது, அதோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் கிடைத்தது. அதற்கு முன் அங்கே போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர் கேமராவையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொட்டி கனம் என்று விட்டுவிட்டார். சுவரில் வரைந்திருந்த ஏரியும் அன்னப்பறவைகளும்கூட அங்கேயே தங்கிவிட்டன. அறுவடைக் கூலியைப் பற்றியும் குத்தகைக்காரர்களை வெளியேற்றுவதைப் பற்றியும் தோழர்கள் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்துதான் பேசினார்கள். தொட்டிக்குள் கொடித்துணியும் மைக் செட் ஒயரும் மிஞ்சிப்போன நோட்டீசுகளும் கிடந்தன.

செயலாளர் இராஜாங்கத்துக்கு ஆடம்பரம் என்றாலே ஆகாது. கல்யாணப் பந்தியில் யாராவது இரண்டாவது இனிப்பை வைத்துவிட்டால், பரிமாறுகிறவரை நிறுத்தி வைத்து நாட்டு நிலைமையை விளக்குவார். அப்படிப்பட்டவர் ஒரு மீனுக்கு ஆசைப்பட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆசை பிடித்தது தஞ்சாவூரில், வக்கீல் குஞ்சிதபாதம் வீட்டு முன்கூடத்தில். எழுபத்தெட்டாம் வருஷம். ஆட்சி மாறியிருந்தது, குத்தகை வழக்குகள் மாறவில்லை. ஐயாவு என்ற தோழர் உழுதுகொண்டிருந்த நிலத்தை மிராசுதார் பஞ்சநதம் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அது விஷயமாக வக்கீலைப் பார்க்க இராஜாங்கம் வெகுநேரம் காத்திருந்தார். அவருக்குக் காத்திருப்பது என்பது தெரியாது. கால் மணி நேரம் போனால் குமாஸ்தாவிடம் சண்டை பிடிப்பார். அன்றைக்கு வக்கீலே வெளியே வந்து, "மன்னிக்கணும், ரொம்ப நேரமாயிடுச்சு" என்றபோதுதான், மத்தியானம் ஆகிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்தது. அதுவரை அவர் முன்கூடத்துத் தொட்டியில் நீந்திய தங்கமீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமந்தப் புடவை கட்டிய பெண்கள் போல வயிறும் தோகையுமாக அவை மெல்லத் திரும்புவதும், வாயைத் திறந்து திறந்து மூடுவதும், அவருடைய கோபத்தை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டன.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவர் அந்த ஆசைக்கு ஒரு கொள்கை விளக்கம் தயார் செய்தார். மறுநாள் கமிட்டியில் அதை எடுத்து வைத்தார்.

"நம்ம ஆபீசுக்கு வர்றவங்க எல்லாம் கொதிப்போட வர்றாங்க. எதிரிகிட்ட காட்ட வேண்டிய கோபத்தை நமக்குள்ளயே காட்டிக்கிறோம். கொஞ்சம் மனசு அடங்கி உக்கார ஒரு ஏற்பாடு வேணும். தொட்டி சும்மாத்தானே கிடக்கு."

ஐயாவு தொட்டியைப் பார்த்தார். "கொடியை எங்க வைக்கிறது தோழரே?"

இராஜாங்கத்தின் மனைவி வேம்பு மாதர் பிரிவுக்குப் பொறுப்பு. நடவுக் கூலிக்காகத் தாசில்தாரின் ஜீப்பை மறித்தவள். அவள் பின்வரிசையிலிருந்து கேட்டாள். "அந்த மீனைக் குழம்பு வைக்கலாமுங்களா?"

"அது பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கு மட்டுமா? அப்ப அது மிராசுதார் மீனுதான். வேலையும் செய்யாது, வெந்தும் போகாது."

கமிட்டி சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. கடைசியில், சங்கத்துப் பணத்தைத் தொடுவதில்லை, செயலாளர் தன் புகையிலையை விட்டுவிட்டு அந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதை முன்மொழிந்தவள் வேம்பு.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீரா உசேனின் மீன்கடை இருந்தது. அதிராம்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லாரும் கடல் மீன் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கும் மீனை நம்பி வந்தவர். கடைக்குள் நுழைந்ததும் இராஜாங்கத்தின் கண்ணில் பட்டது ஒரே ஒரு மீன்தான். உடம்பெல்லாம் வெள்ளை. தலையில் மட்டும் செக்கச்சிவந்த கொண்டை, தொப்பி வைத்த மாதிரி.

"நல்ல கண்ணுண்ணே உங்களுக்கு. மெட்ராஸ்லேருந்து இது ஒண்ணுதான் வந்துச்சு" என்றார் மீரா உசேன். "நீங்க எந்தக் கட்சிண்ணே? இல்ல, எல்லாரும் நம்மகிட்ட வர்றாங்க. முன்னெல்லாம் கறுப்பு ஒண்ணு, சிவப்பு ஒண்ணு ஜோடியா கேப்பாங்க. ஆட்சி மாறுனதுலேருந்து நடுவுல வெள்ளை ஒண்ணு சேத்துக் குடுங்கங்கிறாங்க. நமக்கு ஒரு மீன் கூடுதலா போவுது."

இராஜாங்கம் கட்சியைச் சொல்லவில்லை. குனிந்து தொப்பி மீனைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் யாரோ குனிந்திருந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு பெரிய மூக்கும், விபூதிப் பட்டையும், தங்க பிரேம் கண்ணாடியும் தெரிந்தன. மீன் நகர்ந்ததும் முகம் முழுசாகத் தெரிந்தது. மிராசுதார் பஞ்சநதம்.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

இரண்டு நாள் முன்புதான் கடைத்தெருக் கூட்டத்தில் இராஜாங்கம் அவரை ரத்தம் உறிஞ்சி என்று சொல்லியிருந்தார். ஒலிபெருக்கி மிராசுதார் வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

"வீட்டுல சொல்லி அனுப்பிச்சா" என்றார் பஞ்சநதம், யாரும் கேட்காமலே.

"நான் பஸ்சுக்கு நிக்கிறேன்" என்றார் இராஜாங்கம்.

மீரா உசேனுக்கு இவர்களுடைய பகை தெரியாது. மீன் மேல் ஆசை கொண்டவர்கள் என்பது மட்டும் தெரிந்தது. "தொட்டியில தண்ணி விட்டு எத்தனை நாளாச்சுண்ணே?" என்று இராஜாங்கத்தைக் கேட்டார்.

"இன்னும் விடல. இதைக் கொண்டுபோய்த்தான் விடணும்."

மீரா உசேன் வலையைக் கீழே வைத்துவிட்டார். பஞ்சநதமும் தன்னை மறந்து பேச ஆரம்பித்துவிட்டார். "ஐயையோ, அப்படிச் செஞ்சுடாதீங்க. புதுத் தண்ணில விட்டா மூணே நாள்ல மல்லாந்துடும். நான் அப்படி எத்தனை மீனைக் கொன்னிருக்கேன் தெரியுமா? தண்ணியை ஊத்தி, பாசிக் கொடி போட்டு, ஒரு மாசம் சும்மா விடுங்க. தண்ணி பழகணும். அப்புறமா மீனை விடுங்க. பொரி, சோறு எதுவும் போடாதீங்க."

பேச்சை முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

இராஜாங்கத்துக்கும் விழுந்தது. பஞ்சநதத்தின் அப்பா, இராஜாங்கத்தின் அப்பாவை டேய் என்றுதான் கூப்பிட்டிருந்தார். பஞ்சநதம் காலத்தில் டேய் என்று சொன்னால் நடவு நின்றுவிடும் என்கிற நிலைமை வந்துவிட்டது. அதற்காக நீங்க என்று சொல்லவும் அவருக்கு நாக்கு வளையவில்லை. அதனால் பல வருஷமாகப் பேச்சுவார்த்தைகளில், "சங்கம் என்ன சொல்லுது", "அங்க என்ன முடிவு" என்று யாரையும் விளிக்காமலே பேசி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரே மூச்சில் நாலைந்து தடவை மரியாதை கொட்டிவிட்டது.

"ஒரு மாசமெல்லாம் இதை வச்சிருக்க முடியாதுண்ணே" என்றார் மீரா உசேன். பிறகு பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா தொட்டி பழகுன தொட்டி. இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்."

பஞ்சநதத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. இராஜாங்கத்துக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. "எல்லாம் உங்க வீட்டுக்கே போய்ச் சேரணுமா? நிலம், வாய்க்கால், இப்ப இதுவுமா?"

பஞ்சநதம் தொப்பி மீனைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். ஐயாவுவின் நிலத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"அவருக்கே வச்சிருங்க பாய்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

பஸ்ஸில் இராஜாங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு படி நெல்லென்றாலும் மறியல் செய்து, கைதாகி, மூன்று சுற்றுப் பேசித்தான் அந்த மனிதரிடமிருந்து வாங்கியிருக்கிறார். போராடாமல் ஒன்று கிடைத்தது இதுதான் முதல் தடவை. எப்படி வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

மறுநாள் கொடிகளை ஆணியில் மாட்டிவிட்டு, ஊரை ஒட்டி ஓடும் புதாற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். பிறகு ஒரு மாசம், ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லாரும் வெறும் தண்ணீரைப் பார்த்தார்கள். "தோழர், மீன் எங்க?" என்று கேட்டவர்களிடம், "தண்ணி பழகுது" என்று இராஜாங்கம் சொல்வார். வேம்பு, "அடுத்த மாநாட்டுக்குள்ள வந்துடும்" என்பாள்.

இதற்கிடையில் குறுவை அறுவடைக் கூலி பற்றித் தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. வழக்கம் போல இரண்டு பக்கமும் கத்தி ஓய்ந்து, தாசில்தார் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்த நேரம். மேஜைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பஞ்சநதம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தண்ணி விட்டாச்சா?"

"விட்டாச்சு. லேசா பச்சை கட்டியிருக்கு."

"இருக்கட்டும், நல்லதுதான்."

தாசில்தார் நிமிர்ந்தார். "எந்த வாய்க்கால்ல?"

ஒன்றுமில்லை என்று இரண்டு தரப்பும் சொன்னார்கள். அன்றைய பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட ஒரே உடன்பாடு அதுதான்.

தொப்பி மீன் வந்து சேர்ந்த வாரமே வேலைநிறுத்தமும் வந்தது. மறியலில் இராஜாங்கத்தையும் ஐயாவுவையும் இன்னும் பலரையும் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வேம்பு மனு போட்டுப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அப்பால் அவள் முகம் தெரிந்ததும் இராஜாங்கம் கேட்டார்.

"மீன் எப்படி இருக்கு?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் வேம்பு. "வயல்ல ஆள் இறங்கல. வெளியூர் ஆளுங்களைக் கூட்டியாந்தாங்க, பேசித் திருப்பி அனுப்பிச்சிட்டோம். இதையும் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"கேக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி..."

"உசிரோட இருக்கு. நடுவுல கொஞ்சம் மோசமாப் போச்சு. வர்றவங்க எல்லாம் பாவம்னு பொரியை அள்ளிப் போட்டுட்டாங்க. தண்ணி கஞ்சித்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அது மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. அப்பதான் அவரு வந்தாரு."

"யாரு?"

"மிராசுதாரு. ஸ்டேஷனுக்குப் போனவரு ஜன்னல் வழியா பாத்திருக்காரு. நேரா உள்ள வந்துட்டாரு. நம்ம பொம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க, சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு. அவரு யாரையும் பாக்கல. 'யாரு பொரி போட்டது'ன்னு ஒரு சத்தம். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பாதித் தண்ணியை மொண்டு ஊத்த ஆரம்பிச்சுட்டாரு. நான் பாத்தேன். ஒரு குடத்தை எடுத்துக் கையில குடுத்து, ஆத்துல போய் நல்ல தண்ணி எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."

"போனாரா?"

"போகாம? ரெண்டு நடை போனாரு. ஸ்டேஷன் ரோடே நின்னு பாத்துச்சு."

வலைக்கு இந்தப் பக்கம் ஐயாவு சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இராஜாங்கம் சிரிக்கவில்லை.

"என் மீனை அவரு எப்படித் தொடலாம்?"

"அதைத் தொடல. தண்ணியைத்தான் தொட்டாரு" என்றாள் வேம்பு. "நீங்க வந்து அவர் மேல ஒரு கண்டனத் தீர்மானம் போடுங்க. நான் எதிர்த்து ஓட்டுப் போடுறேன்."

வேலைநிறுத்தம் கேட்டதில் பாதியைக் கொடுத்து முடிந்தது. ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு ஆபீஸ் வாசலில் மாலை போட்டார்கள். இராஜாங்கம் மாலையோடு தொட்டியிடம் போனார். மீனின் தோகையிலும் முதுகிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

மீரா உசேனின் கடை பூட்டியிருந்தது. நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போயிருந்தார். இராஜாங்கம் ஒரு நாள் பொறுத்தார். புள்ளிகள் கூடின. மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஞ்சநதத்தின் வீட்டுக்கு நடந்தார். தெருவில் இருந்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள், ஏதோ பெரிய போராட்டம் என்று. அவருடைய அப்பா அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத்தான் போய் வந்தவர். இராஜாங்கம் தெருவாசலில் நின்று கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த பஞ்சநதத்தின் மனைவி தர்மாம்பாள் அவரையும், பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னாள். "சங்கத்துக்காரங்க வந்திருக்காங்க. வாசல்லயே முற்றுகை போலருக்கு."

பஞ்சநதம் துண்டோடு வந்தார். இராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "புள்ளியா?"

"ஆமாம்."

"வாலுலயா, செவுளுலயா?"

"வாலு, முதுகு. செவுள்ல இன்னும் இல்ல."

"அப்ப பொழைச்சுக்கும். கல்லுப்பு போடணும். தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி, கரைச்சு ஊத்துங்க. தண்ணியைக் கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சுக்குங்க."

தர்மாம்பாள் உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கல்லுப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். இராஜாங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. உங்க வீட்டு உப்பு எங்கப்பாவோட முடிஞ்சுது."

பஞ்சநதம் தரையைப் பார்த்தார். தர்மாம்பாள் மட்டும் கிண்ணத்தைக் கீழே இறக்கவில்லை.

"உங்களுக்கு யாரு குடுத்தா? மீனுக்குத்தானே குடுக்குறேன். அது என்ன சங்கத்துல உறுப்பினரா?"

"எங்க வீட்டுலயே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு இராஜாங்கம் திரும்பினார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருடைய மீசை துடித்ததைத் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

வேம்பு தன் வீட்டு உப்பிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துக் கொடுத்தாள். சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. அதற்குப் பிறகும் கடைத்தெருக் கூட்டங்களில் இராஜாங்கம் பஞ்சநதத்தை விடவில்லை. ரத்தம் உறிஞ்சியை மட்டும் பேச்சிலிருந்து எடுத்துவிட்டார். ஐயாவு வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது. வாய்தா நாட்களில் கோர்ட்டு மரத்தடியில் வாதியும் பிரதிவாதியின் சங்கச் செயலாளரும் தள்ளி நின்று மெதுவாகப் பேசிக்கொள்வதைப் பார்த்த வக்கீல் குஞ்சிதபாதம், சமாதானம் ஆகிவிடுமோ என்று சில காலம் கவலைப்பட்டார்.