உயிலுக்கு ஒரு ஜன்னல்

அந்த ஊரில் வக்கீலம்மாவிடம் உயில் எழுதக் கட்டணம் ஒரு ஜன்னல். எழுத வந்தவர் கையெழுத்துப் போட்டு, சாட்சிகள் இரண்டு பேரும் போட்டு முடித்ததும், மை காய்வதற்குள் அவர் வீட்டிலிருந்து ஒரு ஜன்னல் காணாமல் போகும். அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். தடவிப் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. ஜன்னலோ தான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த காட்சியோடு வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு, இந்தக் கதை நடந்தபோது, முப்பத்தேழு ஜன்னல்கள். ஒன்றில் கடல் தெரியும், அடுத்ததில் ரயில்வே கேட், அதற்கடுத்ததில் மருந்துக்கடைக்காரரின் கொல்லைப்புறமும் கொடியில் காயும் அவருடைய பனியன்களும். மற்ற வக்கீல்கள் பணம்தான் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் எழுதியதைக் கோர்ட்டில் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வக்கீலம்மா எழுதியதை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அதனால் ஜனங்கள் ஜன்னலைக் கொடுத்தார்கள், வேறென்ன செய்வது.

ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. இரும்புக்கடை முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு முழத் தூரத்தில் பார்க்கிற மாதிரி அவசர அவசரமாக ஒரு ஜன்னல் வைத்து, ஈரம் காயாமலே அதைக் கட்டணமாகத் தள்ளிவிட்டார். வக்கீலம்மா அதையும் வாங்கிக்கொண்டார். முதலாளி காலமான பிறகு உயிலைப் பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் இருட்டில் எழுதியதுபோல மங்கிக் கிடந்தது. நான்கு பிள்ளைகளும் இன்றைக்கும் கோர்ட் வாசலில்தான் காபி குடிக்கிறார்கள். கொடுப்பவருக்கு ஜன்னல் எவ்வளவு வேண்டியதோ உயிலுக்கும் அவ்வளவுதான் பலம் என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

தையல்காரம்மாவின் சங்கடம் என்னவென்றால், அவர் வீட்டில் இருந்ததே ஒரு ஜன்னல்தான். இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னல், அதையொட்டி மெஷின். அந்த வெளிச்சத்தில்தான் நாற்பது வருஷமாக ஊசியில் நூல் கோத்திருக்கிறார். வெளியே பஸ் ஸ்டாப். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் மருமகள் தினமும் சாயங்காலம் ஆறு பத்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். தையல்காரம்மா தைப்பதை நிறுத்தி, "வந்துட்டியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். "வந்துட்டேன் அத்தை" என்பாள் அவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேலை தேடிப் போன மகன் போனவன்தான். எப்போதாவது போன் செய்தால், வீட்டை எப்போது விற்கலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மருமகளுக்குப் போய் நிற்கப் பிறந்த வீடு என்று ஒன்றும் கிடையாது.

"நான் கண்ணை மூடினா மறுநாளே அவளை நடுத்தெருவுல நிறுத்திடுவான்" என்றார் தையல்காரம்மா. "வீடு அவளுக்குன்னு எழுதணும். பாத்ரூம்ல ஒண்ணு இருக்கு வக்கீலம்மா, அதை எடுத்துக்குங்களேன். காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"அது வென்டிலேட்டர். தலையை வெளிய நீட்ட முடியணும், அதுக்குப் பேருதான் ஜன்னல்."

"அப்ப அந்த ஜன்னல்ல ஒரு கதவு மட்டும்?"

"அம்மா, இது என்ன கத்திரிக்காய் வியாபாரமா?"

மூன்று முறை கோபித்துக்கொண்டு படியிறங்கினார். நான்காம் முறை ஏறி வந்தபோது சாட்சிகளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். வீடு, மெஷின், பீரோ, இரும்புக் கட்டில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கீழே லாரி டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலில் அவர் சொன்ன ஆறாவது ஷரத்தை வக்கீலம்மா தலை நிமிராமல், கை பழக்கத்தில் எழுதி முடித்தார். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அத்தனை வருஷத் தொழிலில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய மருமகள் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். உள்ளே பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. மாமியாரும் மருமகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள். மறுநாள் காலையில் தையல்காரம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, மெஷினை ஆட்டோவில் ஏற்றி நேராக வக்கீல் ஆபீசில் கொண்டுபோய் இறக்கினார்.

"இது என்ன கூத்து?" என்றார் வக்கீலம்மா.

"என் ஜன்னல் இங்க இருக்கு. நான் மட்டும் அங்க உக்காந்து எதைப் பாக்கறதாம்?"

வக்கீலம்மா அலமாரியிலிருந்த சட்டப் புத்தகங்களையெல்லாம் புரட்டினார். இதைத் தடுக்க ஒரு வரி கிடைக்கவில்லை. தையல்காரம்மா தன் ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட திரையை மாட்டி, அதனடியில் மெஷினைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆறு பத்துக்குத் திரையை விலக்கி, "வந்துட்டியா?" என்றார். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வெறும் சுவரிலிருந்து அந்தக் குரல் கேட்டது. மருமகள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "வந்துட்டேன் அத்தை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வருஷங்கள். சொத்துத் தகராறோடு வந்தவர்கள் அறுந்த பட்டனைத் தைத்துக்கொண்டு போனார்கள். வக்கீலம்மாவின் கறுப்பு அங்கிக்குப் புது ஓரம் கிடைத்தது. தனிக்கட்டையாக வாழ்ந்து பழகிய வக்கீலம்மா ஆரம்பத்தில் மெஷின் சத்தத்துக்கு முகம் சுளித்தார். பிறகு இரண்டு டீயாகச் சொல்ல ஆரம்பித்தார். பத்தாவது வருஷம் ஒரு மத்தியானம், சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே தையல்காரம்மா போய்ச் சேர்ந்தார். அந்தக் காலரைத் தைத்து முடிக்க வக்கீலம்மாவுக்கு இரண்டு நாள் பிடித்தது, கோணலாகத்தான் வந்தது.

எதிர்பார்த்தபடியே மகன் வந்தான், கூடவே ஒரு வக்கீலோடு. விசாரணை நாளில் கோர்ட்டில் கரண்ட் இல்லை. நீதிபதி உயிலைப் பிரித்ததும் காகிதத்திலிருந்து சாயங்கால வெயில் எழுந்து அவர் முகத்தில் அடித்தது. கண்ணாடி போடாமலே ஆறு ஷரத்துகளையும் படித்தார். ஆறாவதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உயில் செல்லும் என்றார். மகன் அன்றைக்கே ரயிலேறிவிட்டான்.

வழக்கு நடந்த ஏழு வாரமும் மருமகள் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்காமல்தான் வீட்டுக்குள் போவாள். வீடு கிடைத்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை. தீர்ப்புக்கு மறுநாளும் அப்படியே தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

"வந்துட்டியாம்மா?" என்றது சுவர். வறண்ட குரல், பழக்கமில்லாத தயக்கம். "இன்னிக்கு பஸ் நாலு நிமிஷம் லேட்டு."

"வக்கீலம்மா! நீங்களா?"

"ஆறாவது ஷரத்து. ஜன்னல் யார்கிட்ட இருக்கோ அவங்க நீ இறங்கறப்ப தினமும் கேக்கணுமாம். நானே என் கையால எழுதியிருக்கேன், புத்தி எங்க போச்சோ! ஞாயித்துக்கிழமை கூட விலக்கு போடலை உங்க அத்தை." சுவர் தொண்டையைச் செருமியது. "சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லலை. அது நானா கேக்கறேன். மத்தியானம் சாப்பிட்டியா?"

உயில் எழுதிக் கொடுத்ததற்கு வக்கீலே ஆயுசுக்கும் கட்டணம் கட்டியது அந்த ஊரில் அது ஒன்றுதான். மருமகள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வெயில் பட்டு அது வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டேன்" என்றாள். "சாப்பிட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், சுவர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டதா, நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, கைக்கடிகாரத்தை ஆறு பதினான்குக்குத் திருகி வைத்துக்கொண்டார்.